அப்பாவுக்குப் பிளாஸ்மா மாற்றச் சொல்கிறார்கள், இது டயாலிசிஸ்தானா?

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீர் டீ நிறத்தில் போனது, நாலே வாரத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) 1.2-லிருந்து 5.8. பயாப்ஸி பார்த்துவிட்டு ஆன்டி ஜிபிஎம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுநீரகத்தைத் தாக்கும் நோய்) என்கிறார்கள், நாளை முதல் தினமும் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) மாற்றுவார்களாம். இது டயாலிசிஸ்தானா? பயமாக இருக்கிறது.

பதில் 1: இல்லைங்க, இது வேறு. டயாலிசிஸ் கழிவையும் நீரையும் எடுக்கும். இதில் சிறுநீரகத்தைத் தாக்கும் ஆன்டிபாடி கலந்த பிளாஸ்மாவையே பிரித்தெடுத்துவிட்டு அல்புமின் என்ற புரதக் கரைசலை ஏற்றுவார்கள், நுரையீரலில் ரத்தக்கசிவு இருந்தால் தானமாக வந்த பிளாஸ்மாவும் சேரும். ஆனால் இருப்பதை அகற்றினால் மட்டும் போதாது, உடம்பு அந்த ஆன்டிபாடியைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும், அதனால்தான் அதை அடக்கக் கூடவே ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தும். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 2: எனக்கு 14 நாள் செய்தார்கள். கழுத்தில் குழாய், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மணி நேரம். நடுவில் உதடு மரத்து விரல்நுனி குறுகுறுத்தது, ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தை இழுப்பதால் வருவதாம். நர்ஸிடம் சொன்னதும் கால்சியம் கொடுத்தார், சரியாகிவிட்டது. அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவார்.

பதில் 3: ஆன்கா வாஸ்குலைட்டிஸ் (சிறு ரத்தக்குழாய்கள் அழற்சியடையும் வேறொரு நோய்) உள்ளவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். 704 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான பெக்சிவாஸ் ஆய்வில், பிளாஸ்மா மாற்றியதால் இறப்போ சிறுநீரகச் செயலிழப்போ குறைந்ததாகத் தெரியவில்லை. அப்பாவுடையது வேறு நோய், தயங்காமல் செய்யுங்கள்.