25 ஆயிரத்துக்குள்ள வீட்டு சர்வர்: பழைய ஆபீஸ் பிசியா, நாஸ் பாக்ஸா?

பீளமேட்டுப்பையன்
வணக்கம்ங்க. இங்க சும்மா படிச்சுட்டு மட்டும் இருந்தவன், இப்பதான் கேக்கறேன். வீட்ல அப்பா அம்மா கல்யாண கேசட்ல இருந்து மாத்துன டிவிடி, தங்கச்சி கல்யாண டிவிடி, குழந்தைங்க காதுகுத்து அது இதுன்னு ஒரு பை நிறைய கிடக்குது, அதுபோக எல்லார் போன்லயும் போட்டோ ரொம்பி வழியுது, கூகுள்ல 15 ஜிபி எப்பவோ முடிஞ்சுது, மாசாமாசம் காசு கட்ட அப்பாக்கு மனசில்ல. எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டு டிவில பாக்கணும், போன் போட்டோ தானா வந்து சேரணும், அவ்ளோதான். பட்ஜெட் டிஸ்க்கோட சேத்து 25 ஆயிரம். என்கிட்ட ஒரு பழைய ஐ5 இரண்டாம் தலைமுறை டெஸ்க்டாப் கிராஃபிக்ஸ் கார்டோட சும்மா கிடக்குது, அதையே ஓட்டலாமான்னும் ஒரு யோசனை. நாஸ் பாக்ஸ், அதாங்க டிஸ்க்க சொருகி ரவுட்டர்ல மாட்டற ரெடிமேட் சேமிப்பு பெட்டி, அத வாங்குன்னு ஃப்ரெண்டு சொல்றான். எது பண்ணட்டும்?

எஸ்எம்பிஎஸ்_சாமி
பழைய டெஸ்க்டாப்ப விட்ருங்க ப்ரோ, ஓடும், ஆனா கரண்ட் பில்லு கடிக்கும். அந்த கார்டோட சும்மா நிக்கறப்பவே 80 வாட் இழுக்கும்னு வைங்க, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 2 யூனிட், ரெண்டு மாச ரீடிங்ல 115 யூனிட். ஏற்கனவே வீட்ல ஏசி ஓடி 400 பக்கம் போறவங்களா இருந்தா இது ஒண்ணே 500ஐ தாண்ட வச்சுடும், தாண்டுனா கீழ் ஸ்லாப் ரேட்டும் சேந்து மாறும்னு உங்களுக்கே தெரியும். அதே வேலைய 20 வாட்ல செய்யற மெஷின்னா ரெண்டு மாசத்துக்கு 29 யூனிட்தான்.

கம்பெனிங்க லீஸ் முடிஞ்சு தள்ளிவிடற ஆப்டிப்ளெக்ஸ், திங்க்சென்டர், எலைட்டெஸ்க் மாதிரி ஆபீஸ் பிசி பாருங்க. எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்கு கீழ போகாதீங்க. ஆறாம் தலைமுறை சீப்பா கிடைக்கும், ஆனா அது 10 பிட் எச்இவிசி (4கே படத்துக்கெல்லாம் வர்ற சுருக்க ஃபார்மட்) வீடியோவ ஹார்டுவேர்ல முழுசா கையாளாது, சிபியு தலைல ஏறிடும். கையடக்க மினி சைஸ் அழகா இருக்கும், ஆனா அதுக்குள்ள 3.5 இன்ச் டிஸ்க் போகாது, யுஎஸ்பில தொங்கவிடணும், ரெண்டு நாள் கழிச்சு டிஸ்க் காணாம போச்சுன்னு இங்கயே வந்து கேப்பீங்க. அதுக்கு அடுத்த பெரிய சைஸான எஸ்எஃப்எஃப்ல (ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர்) ஒரு பெரிய டிஸ்க் உள்ளயே உக்காரும். வாங்கறப்ப கடைலயே பயாஸ் (பிசி ஆன் ஆனதும் வர்ற அடிப்படை செட்டிங்) உள்ள போய் பாஸ்வேர்டு கேக்குதான்னு பாருங்க, ஆபீஸ் பூட்டு போட்டு விட்ருப்பான், கடைக்காரருக்கே தெரியாது. சென்னை வந்தா ரிச்சி ஸ்ட்ரீட், இல்ல காந்திபுரம் பக்கமே கிடைக்கும்.

தாமிரபரணி
மேல சொன்ன சாமி அண்ணாச்சி சொல்றது சரிதான், ஆனா ஒரு விஷயம் யாரும் கேக்க மாட்டேங்கிய: நீரு ஊர்ல இல்லாதப்ப அது நின்னு போச்சுன்னா வீட்ல யாரு பாப்பா? அப்பாவுக்கு டெர்மினல் தெரியுமா? நாஸ் பாக்ஸ்னா சுவிட்ச போட்டா எந்திரிக்கும், ஒரு டிஸ்க் போனா கத்தும், புதுச சொருகி ஈசியா சரி பண்ணிக்கிடலாம். ரெண்டு டிஸ்க் போடற சின்ன மாடல்ல பெரும்பாலும் ஏஆர்எம் சிப்தான் (போன்ல வர்ற மாதிரி), வீடியோவ வேற ஃபார்மட்டுக்கு அது மாத்தித் தராது, ஒத்துக்குறேன். ஆனா டிவி நேரடியா பாடுற ஃபார்மட்ல ஃபைல வச்சிட்டா மாத்த வேண்டிய அவசியமே இல்லல்லா. என்ன, டிஸ்க் இல்லாம வெறும் டப்பாவுக்கே உங்க பட்ஜெட்ல பாதி போயிரும், அதான் சிக்கல்.

எஸ்எம்பிஎஸ்_சாமி
அதே பாதி காசுல இன்னொரு டிஸ்க் வாங்கலாம் அண்ணே, நான் அதத்தான் சொல்வேன். பயாஸ்ல ‘கரண்ட் வந்தா தானா ஆன் ஆகு’ன்னு ஒரு செட்டிங் இருக்கும், அத போட்டுட்டா இதுவும் தானா எந்திரிக்கும்.

பிலிம்ரோல்
எல்லாரும் பெட்டிய பத்தியே பேசறீங்க. தம்பி, முதல்ல அந்த பைல இருக்கற டிவிடிய எடுத்து வெயில் படாத எடத்துல வைங்க, சர்வர் வாங்கறதுக்கு முன்னாடியே காப்பி எடுங்க. ஸ்டூடியோக்காரங்க எழுதிக் குடுத்த டிவிடி-ஆர்ல டேட்டா இருக்கறது ஒரு சாயத்துல, அது வருஷம் போகப்போக வெளுக்கும், பெரும்பாலும் வெளி ஓரத்துல இருந்துதான் படிக்காம போகும், அதாவது படத்தோட கடைசி பாகம், பந்தி, வழியனுப்பறது எல்லாம். சாதாரணமா காப்பி போட்டு பாதில நின்னுச்சுன்னா டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச மீட்பு மென்பொருள் போடுங்க, அது படிக்க முடியாத எடத்த குறிச்சு வச்சுட்டு மத்தத முதல்ல எடுத்துடும், அப்புறம் அதே குறிப்பு ஃபைல வச்சு வேற டிரைவ்ல சொருகி விட்டத மட்டும் திரும்ப முயற்சி பண்ணலாம். ஒரு டிரைவ் படிக்காதத இன்னொண்ணு படிக்கறது சகஜம், ஃப்ரெண்டு வீட்டு பழைய பிசில இருக்கற டிரைவையும் கழட்டி வாங்கிட்டு வாங்க.

அப்படி எடுத்த ஐஎஸ்ஓ (டிவிடியோட முழு நகல் ஃபைல்) அப்படியே ஒரு பக்கம் இருக்கட்டும், அதுல இருந்து மேக்எம்கேவின்ற மென்பொருள் போட்டு எம்கேவி வீடியோ ஃபைலா எடுத்து ஜெல்லிஃபின்ல, அதாவது வீட்டு சர்வர்ல இருந்து டிவிக்கு படம் அனுப்பற இலவச மென்பொருள்ல போடுங்க, இதுல படத்தரம் ஒரு துளி குறையாது. நம்மூர் டிவிடி எல்லாம் பால் 576 கோடு, இன்டர்லேஸ்டு (ஒரு ஃபிரேம ரெண்டு பாதியா, கோடு விட்டு கோடு வச்சிருக்கும்), அப்படியே சில டிவில போட்டா தாலி கட்டறப்ப திரும்பற தலைங்க ஓரமெல்லாம் சீப்பு மாதிரி பல்லு பல்லா தெரியும். ஜெல்லிஃபின்ல டிஇன்டர்லேஸ் வசதி இருக்கு, ஆனா சர்வர் வீடியோவ மாத்தி அனுப்பறப்பதான் அது வேலை செய்யும், அதனால ஏஆர்எம் பாக்ஸ்க்கு பதில் இன்டெல்லே நல்லது, தாமிரபரணி அண்ணாச்சி கோச்சுக்காதீங்க.

இன்னொண்ணு, தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா வந்தா பயப்படாதீங்க. ஜெல்லிஃபின் பிளேபேக் செட்டிங்ல ஃபால்பேக் ஃபான்ட்னு இருக்கும், ஒரு ஃபோல்டர்ல நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்ட போட்டு அத காட்டிவிடுங்க. எஸ்ஆர்டி, அதாவது சப்டைட்டில் ஃபைல், யுடிஎஃப்-8ல சேவ் ஆகியிருக்கான்னும் பாத்துக்கோங்க.

பீளமேட்டுப்பையன்
ரொம்ப நன்றிங்ணா, டிவிடிய பீரோ மேல இருந்து எறக்கி வச்சுட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, தங்கச்சி சிங்கப்பூர்ல இருக்கா, அவளும் அங்கிருந்து பாக்கணுமாம். ரவுட்டர்ல போர்ட் தொறந்து பாத்தேன், வெளிய இருந்து வரவே மாட்டேங்குது, கேபிள்காரர் ஃபைபர்தான். ரெண்டு, ஜெல்லிஃபினுக்கு பதில் பிளெக்ஸ் ஈசின்னு சொல்றாங்களே?

லூப்பேக்
ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்துல வான் (WAN) ஐபி, அதாவது வெளிப்பக்க முகவரி பாருங்க. 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சாலோ இல்ல 10ன்னு ஆரம்பிச்சாலோ நீங்க சிஜிநாட்டுக்கு பின்னாடி இருக்கீங்க, பல வீட்டுக்கு ஒரே பப்ளிக் ஐபி, நீங்க போர்ட்ட எத்தனை தொறந்தாலும் வெளிக்கதவு கம்பெனிகிட்ட. ஒரு விதத்துல நல்லதுதான், ஜெல்லிஃபின நேரா இன்டர்நெட்ல தொறந்து வைக்காதீங்க. டெயில்ஸ்கேல்னு ஒரு தனிப்பட்ட நெட்வொர்க் (விபிஎன்) ஆப் போடுங்க, சர்வர்லயும் தங்கச்சி போன்லயும் போட்டு லாகின் பண்ணா முடிஞ்சுது, உள்ள ஓடறது வயர்கார்டுன்ற விபிஎன் முறை. நேர் இணைப்பு கிடைக்கலன்னா ரிலே வழியா போகும், அப்ப 4கே திக்கும், கல்யாண டிவிடி தாராளமா ஓடும்.

பிளெக்ஸ் ஆப் வழுவழுன்னு இருக்கும், உண்மை. ஆனா 2025 ஏப்ரல்ல இருந்து வீட்டுக்கு வெளிய உங்க சொந்த வீடியோவ பாக்கவே காசு, ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங்குக்கு (வீடியோவ சிப் வச்சு மாத்தறது) எப்பவுமே காசு கட்டி வாங்கற பிளெக்ஸ் பாஸ் வேணும். ஜெல்லிஃபின்ல ரெண்டும் சும்மா. எனக்கு அதுல ரெண்டாவது யோசனையே இல்ல. போட்டோக்கு இம்மிச், போன் போட்டோவ தானா சர்வர்ல சேக்கற இலவச மென்பொருள். அதோட டேட்டாபேஸ எஸ்எஸ்டில வைங்க, போட்டோ மட்டும் பெரிய டிஸ்க்ல.

அப்புறம் டிவிக்கு லேன் கேபிள் இழுத்தா வேகம்னு நெனச்சு சுவத்த ஒடைக்காதீங்க, நிறைய டிவில அந்த போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், ஹால்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நல்லா வந்தா அதுவே மேல். சர்வர ரவுட்டர்ல கேபிள்ல சொருகுங்க, அது போதும்.

தாமிரபரணி
யுபிஎஸ் மறந்துட்டிய எல்லாரும். வீட்டு இன்வெர்ட்டர்ல யுபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் பின்னாடி இருக்கும், அதுல வையும், இல்லன்னா கரண்ட் போய் மாறுற அந்த ஒரு நொடில பிசி ரீஸ்டார்ட் ஆகும். ஃபைபர் டப்பாவையும் ரவுட்டரையும் அதே லைன்ல மாட்டும்.

ரெண்டு டிஸ்க்க ரெய்டுல (ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஒரே டேட்டா எழுதுற முறை) கட்டி பேக்கப்னு நினைக்காதீரும் வே. தப்பா ஒரு ஃபோல்டர அழிச்சா ரெண்டுலயும் சேந்தே அழியும். ரெண்டாவத தனியா வெளிய வச்சு வாரம் ஒருக்கா காப்பி ஓட்டும், போட்டோவும் கல்யாண ஐஎஸ்ஓவும் மட்டும் மூணாவதா ஒரு காப்பி தங்கச்சிகிட்ட சிங்கப்பூருக்கே குடுத்துவிடும். இம்மிச் டேட்டாபேஸ் டம்ப்பையும் (அதோட முழு நகல் ஃபைல்) சேத்து எடுக்கணும், இல்லன்னா போட்டோ இருக்கும், ஆல்பமும் முகத்துக்கு வச்ச பேரும் போயிரும். டிஸ்க் வாங்கையில சிஎம்ஆரா எஸ்எம்ஆரான்னு கேளும் (எஸ்எம்ஆர்ல தடம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், நிறைய எழுதுனா மந்தமாயிரும், சிஎம்ஆர்தான் நல்லது), கடைக்காரர் முழிச்சா மாடல் நம்பர வாங்கி தயாரிப்பாளர் சைட்ல பாரும்.

பீளமேட்டுப்பையன்
அப்ப எஸ்எஃப்எஃப் ஒண்ணு, உள்ள 4 டிபி, வெளிய 4 டிபி. பட்ஜெட் கொஞ்சம் இடிக்குது, எஸ்எஸ்டி அந்த பெட்டியோடவே வர்றத வச்சு ஓட்டிக்கறேன். ஐ5-8500, 8 ஜிபி ரேம், ஒரு கடைல பேசி வச்சிருக்கேன், சனிக்கிழமை போறேன். ரேம் பத்துமாங்ணா?

எஸ்எம்பிஎஸ்_சாமி
ஆரம்பிக்க பத்தும். 8 ஒரே குச்சியா இருக்கான்னு பாருங்க, இன்னொரு ஸ்லாட் காலியா இருந்தா அப்புறம் போட்டுக்கலாம். அப்படியே ஒரு சாட்டா கேபிள் கேட்டு வாங்கிக்கோங்க, எஸ்எஃப்எஃப்ல ரெண்டாவது கேபிள கழட்டிட்டுதான் விப்பாங்க.