அம்மாவுக்கு முடக்குவாதம், கொழுப்பு நார்மல். பிறகு ஈசிஜி எதற்கு?

வைகைக்கரை:
அம்மாவுக்கு வயது 56, ஒன்பது வருடமாக ருமடாய்டு. வாத மருந்தாக வாராவாரம் புதன்கிழமை மெத்தோட்ரெக்ஸேட், அப்புறம் ஃபோலிக் ஆசிட். நடுவில் வலி தாங்காவிட்டால் தெருமுனை மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்வார், சொன்னால் கேட்பதில்லை. சர்க்கரை கிடையாது, பிரஷர் மட்டும் லேசாக இருக்கிறது. மூட்டு டாக்டர் போன வாரம் கொழுப்பு பார்க்கச் சொன்னார், ஈசிஜியும் எழுதிக் கொடுத்தார். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 92தான் வந்தது. "வலி கைவிரல்ல, ஒயர் நெஞ்சுலயா? எல்லாம் காசு பிடுங்கத்தான்" என்று அம்மா கிளம்ப மறுக்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் அந்தச் சந்தேகம் உண்டு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இது தேய்மானம் இல்லை, உடம்பு முழுக்க ஓடும் அழற்சி. விரல் மூட்டை வீங்க வைக்கிற டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் ரத்தத்தில் சுற்றி, ரத்தக்குழாயின் உள்சுவரையும் புண்ணாக்கும், கொழுப்பு அங்கே படிய வழி விடும். அதனால்தான் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு, மற்றவர்களுக்குப் போடும் மாரடைப்பு ஆபத்துக் கணக்கை இவர்களுக்கு 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறது. பிரிட்டனில் பயன்படுத்தும் கியூரிஸ்க் கணக்கில் இந்த நோய்க்கென்றே தனிக் கேள்வி உண்டு.

எல்டிஎல் 92 என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அன்று சிஆர்பி, அதாவது ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு, எவ்வளவு?

வைகைக்கரை:
38. அதற்கும் கொழுப்புக்கும் என்ன?

மாத்திரைப்பெட்டி:
அங்கேதான் விஷயமே. அழற்சி கொதிக்கும்போது ரத்தத்தில் கொழுப்பின் அளவு இறங்கித் தெரியும், ஆபத்து மட்டும் ஏறியே இருக்கும். நோய் அடங்கினால் எல்டிஎல் கொஞ்சம் ஏறும், ஐஎல்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து போடுகிறவர்களிடம் இதை நன்றாகவே பார்க்கலாம். ஆகவே நோய் கட்டுக்குள் வந்தபின் இன்னொரு முறை பாருங்கள், அந்த எண்தான் கணக்கு. ஏறிவிட்டதே என்று வாத மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பழைய நோயாளி:
பதினாலு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அந்த டைக்ளோஃபினாக்கை முதலில் நிறுத்துங்கள். வலி மாத்திரைகளிலேயே இதயத்துக்கு ஆகாதது என்று பேர் வாங்கியவற்றில் அதுவும் ஒன்று, பிரஷரையும் ஏற்றும். ரோஃபிகாக்சிப் என்று ஒன்று இதே மாரடைப்புப் பிரச்சினையால்தான் 2004-ல் உலகம் முழுக்கச் சந்தையை விட்டுப் போனது. நான் செய்த முட்டாள்தனம் வேறு: பழைய சீட்டைக் காட்டி எட்டு மாதம் ஸ்டீராய்டு வாங்கித் தின்றேன், சர்க்கரை வந்துவிட்டது. (யாராவது இப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று விடாதீர்கள், டாக்டர் சொல்லிக் குறைக்க வேண்டும்.)

அப்புறம், தோள்பட்டை வலியோ தாடை வலியோ வந்தால் "இது நம்ம வாதம்தான்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுவோம். நடக்கும்போது வந்து, நின்றால் விடுகிற வலி, புதிதாக மூச்சு வாங்குவது, காரணமில்லாத வியர்வை எல்லாம் மூட்டுக் கணக்கில் சேராது. அம்மாவிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
ஒன்று விட்டுவிட்டேன். அடுத்த கட்ட மருந்தாக டோஃபாசிடினிப் பேச்சு வந்தால், பிரஷர் இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் நினைவுபடுத்துங்கள். ஐம்பது தாண்டி, இதய ஆபத்துக்கான காரணம் ஒன்றாவது இருப்பவர்களிடம் செய்த பெரிய ஆய்வில், டிஎன்எஃபைத் தடுக்கும் ஊசி மருந்தைவிட அதில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் கூடுதலாக வந்தது, 2022-ல் வெளியானது.

வைகைக்கரை:
டைக்ளோஃபினாக் அட்டையைத் தூக்கி ஒளித்துவிட்டேன், காலையிலிருந்து வீட்டில் போர். வலிக்கு வேறு என்ன தரலாம் என்று டாக்டரிடமே கேட்கிறேன். ஈசிஜிக்கு சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், வரும் வழியில் ஜிகர்தண்டா வாங்கித் தரவேண்டுமாம்.

பழைய நோயாளி:
சின்ன டம்ளராக வாங்கிக் கொடுங்கள்.