ரயிலே இல்லாத ரயில் நிறுவனமா? கோபேயில் பார்த்தது

ஒசாகாவுக்குப் புதியவன்:
போன வாரம் ஹிமேஜி கோட்டை பார்க்க ஒசாகா உமேதாவில் ஏறினேன். ஏறியது ஹான்ஷின் என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் நிலையம், இறங்கியது சான்யோ என்ற இன்னொரு நிறுவனத்தின் நிலையம், நடுவில் எங்கேயும் வண்டி மாறவில்லை. கோபே நகருக்குள் சுரங்கத்தில் போகும்போது கோசோகு கோபே என்று ஒரு நிலையம் வந்தது, பக்கத்துத் தண்டவாளத்தில் ஹான்கியூ என்ற மூன்றாவது நிறுவனத்தின் அரக்கு நிற வண்டி நின்றுகொண்டிருந்தது. அந்தச் சுரங்கம் யாருடையது? கோபே கோசோகு என்று நிறுவனம் இருக்கிறதாம், ஆனால் அந்தப் பெயரில் ஒரு வண்டியும் கண்ணில் படவில்லையே?

தண்டவாளம்:
படாது, ஏனென்றால் அவர்களிடம் வண்டியே கிடையாது! சுரங்கமும் தண்டவாளமும்தான் அவர்கள் சொத்து, ஓடுவதெல்லாம் மற்றவர்கள் வண்டி. 1968க்கு முன்னால் கோபேக்கு வந்த தனியார் ரயில்கள் ஆளுக்கொரு இடத்தில் நின்றுவிடும்: ஹான்கியூ சன்னோமியாவில், ஹான்ஷின் மோட்டோமாச்சியில், மேற்கிலிருந்து வரும் சான்யோ ஹியோகோவில், மலைப்பக்கத்து ஷின்டெட்சு மினாட்டோகாவாவில். ஊர் நடுவே போக வேண்டியவர் இறங்கி வேறு வண்டி பிடிக்கணும். நகராட்சியும் இந்த நான்கு நிறுவனங்களும் சேர்ந்து பணம் போட்டு, 1968 ஏப்ரல் 7 அன்று சுரங்கப்பாதையைத் திறந்தார்கள். அதுவரை டிராம் மாதிரி சாலை நடுவே ஓடிக்கொண்டிருந்த சான்யோவின் ஹியோகோ பகுதியை அன்றோடு மூடிவிட்டார்கள். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும், போட்டி போடுகிறவர்கள் ஒரே சுரங்கத்துக்காக ஒன்றாக உட்கார்ந்தார்கள் பாருங்கள்.

கடைசிப்பெட்டி:
ஒன்று சேர்க்கிறேன். ஹான்கியூ, ஹான்ஷின், சான்யோ மூன்றுக்கும் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர், அதனால்தான் இது நடந்தது. மின்சாரம் மட்டும் ஒத்துப்போகவில்லை, சான்யோ 1500 வோல்ட், மற்ற இருவரும் 600. அவர்கள் 1967இல் தங்கள் பாதையை 1500க்கு உயர்த்திக்கொண்டார்கள். ஷின்டெட்சு 1067 மில்லிமீட்டர், அது இவர்களோடு கலக்கவே முடியாது, அதனால் மினாட்டோகாவாவிலிருந்து இந்தச் சுரங்கப்பாதையில் உள்ள ஷின்காய்ச்சி நிலையம் வரை வெறும் 400 மீட்டருக்குத் தனிச் சுரங்கம் போட்டு, அங்கே மாறிக்கொள்ளும்படி வைத்தார்கள். நீங்கள் போன நேரடி விரைவு வண்டி 1998 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன் ஹான்கியூ வண்டியும் சான்யோ பாதையில் சுமாவுரா பூங்கா வரை போகும், இப்போது ஷின்காய்ச்சியோடு நின்றுவிடுகிறது.

ஒசாகாவுக்குப் புதியவன்:
நன்றி! சரி, அப்படியானால் டிக்கெட்?

தண்டவாளம்:
வண்டி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் பகுதிக்கும் தனித்தனியாகக் கட்டணம் கூடும். சுரங்கத்தில் ரெண்டே ஸ்டேஷன் போனாலும் அது சேரும்.

ஷின்காய்ச்சிக்காரன்:
இன்னொரு முறை போனால் அதே சுரங்கத்தில் உள்ள டாய்காய் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள், சில விரைவு வண்டிகள் அங்கே நிற்காது. 1995 ஜனவரி 17 பூகம்பத்தில் அந்த நிலையத்தின் நடுத்தூண்களில் முப்பதுக்கு மேல் நொறுங்கி, கூரை உட்கார்ந்து, மேலே இருந்த சாலை சில இடங்களில் இரண்டரை மீட்டர் வரை இறங்கிவிட்டது. பூமிக்கடியில் இருப்பது பத்திரம் என்று நம்பியிருந்த பொறியாளர்களுக்கு அது பெரிய அடி. அந்த ஆகஸ்டில் ரயில் ஓடத் தொடங்கியது, ஆனால் டாய்காயில் நிற்காமல் கடந்துபோனது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1996 ஜனவரி 17 அன்று நிலையத்தைத் திறந்தார்கள்.