தங்கை ஏன் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறாள்?

நிலாமதி:
தங்கைக்கு 15 வயது. என்ன புழுக்கமாக இருந்தாலும் முழுக்கைச் சட்டைதான். போன வாரம் தற்செயலாகத் தழும்புகளைப் பார்த்துவிட்டேன். கேட்டால், "சாகணும்னு இல்லக்கா, அப்போ மனசு கொஞ்சம் அடங்குது" என்கிறாள். அம்மாவோ, "எல்லாரும் தன்னைக் கவனிக்கணும்னு பண்றா" என்கிறார். வலியில் எப்படி மனசு அடங்கும்? இது மூளைக் கோளாறா, மனப்பிரச்சினையா?

பழையகதவு:
அந்த வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன். எனக்கு அழுகை வராது. உள்ளே இரைச்சல் ஏறிக்கொண்டே போகும், அப்புறம் சட்டென்று அடங்கும். கொஞ்ச நேரத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வெட்கமே அடுத்த முறைக்குக் காரணமாகிவிடும். பிறர் கவனிக்க வேண்டும் என்று செய்பவள் எதற்குக் கையை மறைக்கிறாள் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

மனநல ஆலோசகர்:
மூளை, மனம் இரண்டையும் பிரிக்க முடியாது. வலி நிற்கும்போது மூளை பழைய நிலைக்கு வருவதோடு நிற்பதில்லை, சிறிது நேரம் அதைவிட இதமாகவே உணர்கிறது. இந்தப் பழக்கமே இல்லாதவர்களிடமும் இது சோதனையில் தெரிந்திருக்கிறது. ஆக, தங்கையின் மூளை ஒன்றும் விசித்திரமானதல்ல. வலியைத் தணிக்க உடம்பே சுரக்கும் எண்டார்ஃபினுக்கும் பங்கிருக்கலாம். 2010-ல் வந்த ஓர் ஆய்வில், இப்பழக்கம் உள்ளவர்களின் தண்டுவட நீரில் பீட்டா எண்டார்ஃபின் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான், அதை நம்பி மாத்திரை தேட வேண்டாம்.

நாக், பிரின்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் 2004-ல் இப்படிச் செய்வதற்கான காரணங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பெரும்பாலானோர் சொல்வது, தாங்க முடியாத உணர்ச்சியைத் தணிக்க என்பதுதான். மரத்துப்போன மனதில் எதையாவது உணரவும் சிலர் செய்கிறார்கள். மற்ற இரண்டும் பிறரைச் சார்ந்தவை: பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிப்பது, வாயால் கேட்க முடியாத உதவியைக் கேட்பது. அம்மா சொல்வதில் உண்மை இருந்தால் அது இந்தக் கடைசி வகைதான். அதற்கும் திட்டு மருந்தாகாது.

சாகும் எண்ணம் இல்லாவிட்டாலும், பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான ஆபத்து இவர்களுக்குக் கூடுதல். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உணர்ச்சியைத் தாங்கப் பழக்கும் 'டிபிடி' என்ற சிகிச்சை இருக்கிறது. அதை உருவாக்கிய மார்ஷா லினஹன், தானும் இளவயதில் இப்படி இருந்ததை 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

நிலாமதி:
மருத்துவரைப் பார்க்கும்வரை நான் என்ன செய்வது? இனி செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்கலாமா?

பழையகதவு:
வேண்டாம். என்னிடம் வாங்கினார்கள்; நான் இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். "மனசு தாங்கலைன்னா எந்நேரமானாலும் என்னை எழுப்பு" என்று சொல்லுங்கள். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.