தொப்பைல இருக்கிற இம்யூன் செல்லுக்கும் ஷுகருக்கும் என்ன சம்பந்தம்?

அடையார்_மீனா:
அம்மாவுக்கு ஷுகர், வெயிட்டும் ஜாஸ்தி. நான் பயோடெக் படிக்கறேன், கிளாஸ்ல மெய்ட் செல், என்கேடி செல், காமா டெல்டா டி செல்னு மூணு வகை இம்யூன் செல்லும் ஒபிசிட்டில மாறிடும்னு ஒரே வரில சொல்லி முடிச்சிட்டாங்க. கிருமியோட சண்டை போடுற செல்லுக்கு கொழுப்புல என்ன வேலை? அம்மாவுக்கு இத டெஸ்ட் பண்ண முடியுமா?

பெரம்பூர்_லேப்:
கொழுப்பு சும்மா கிடக்கிற சேமிப்பு இல்லம்மா, அதுக்குள்ள நிறைய இம்யூன் செல் குடியிருக்கு. வெயிட் ஏற ஏற அங்க வீக்கம் (இன்ஃப்ளமேஷன்) வருது, டிஎன்எஃப் மாதிரி வீக்கத்தைத் தூண்டுற பொருள் சுரக்குது, அது இன்சுலின் சிக்னலைக் கெடுக்குதுன்னு 1993லயே எலில காட்டிட்டாங்க. நீ சொன்ன செல்லெல்லாம் சாதாரண டி செல் மாதிரி கிருமியோட புரோட்டீன் துண்டைத் தேடாது. மெய்ட் செல், பாக்டீரியா வைட்டமின் பி2 தயாரிக்கும்போது வர்ற பொருளைப் பிடிக்கும், இது 2012ல தெரிஞ்சுது. டைப் 2 ஷுகர் இருக்கிறவங்களுக்கும் ரொம்ப குண்டா இருக்கிறவங்களுக்கும் ரத்தத்துல இது குறைஞ்சு போகுது, மிச்சம் இருக்கிறது வீக்கத்தை ஏத்துற ஐஎல்-17ங்கற பொருளை ஜாஸ்தியா விடுது. வெயிட்டைக் குறைக்கப் பண்ற பேரியாட்ரிக் சர்ஜரிக்கு அப்புறம் எண்ணிக்கை திரும்ப ஏறினதையும் பாத்திருக்காங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது, ஏன்னா போனது போனதுதான்னு இல்ல.

மயிலை_ரவி:
என்கேடிய விட்டுட்டீங்களே சார். அது லிப்பிடை, அதாவது கொழுப்புப் பொருளைப் பிடிக்கிற செல், ஒல்லியா இருக்கிறவங்க கொழுப்புல நிறைய இருக்கும், ஐஎல்-10ங்கற பொருளை விட்டு வீக்கத்தை அடக்கி வைக்கும், குண்டானா குறையும். கடல் பஞ்சுல இருந்து முதல்ல எடுத்த ஆல்ஃபா கேல்சர்னு ஒரு லிப்பிட் கொடுத்து இதத் தூண்டினப்ப குண்டு எலிங்க வெயிட் இறங்கி ஷுகரும் சரியாச்சு. ஆனா வேற எலி ஆய்வுகள்ல இதே செல் வீக்கத்தை ஏத்தினதாவும் வந்திருக்கு, அதனால மனுஷங்களுக்கு மருந்தா இன்னும் வரல. காமா டெல்டாவும் அப்படித்தான், எலில உடம்பு சூட்டைக் காக்க உதவுது, குண்டானா அதுவே வீக்கத்துக்கும் துணை போகுது.

அடையார்_மீனா:
ரெண்டு பேருக்கும் ரொம்ப தேங்க்ஸ். அப்போ டெஸ்ட்?

பெரம்பூர்_லேப்:
இந்த செல்லை எண்ணுறது ஃப்ளோ சைட்டோமெட்ரிங்கற லேசர் மெஷின் முறைல, அது ஆராய்ச்சிக்குத்தான். ரிசல்ட் வந்தாலும் அத வச்சு டாக்டர் மாத்திரையை மாத்தப் போறதில்ல, காசு செலவு பண்ணாத. இம்யூனிட்டி பவுடர்னு எவனாவது இந்த செல் பேரைச் சொல்லி வித்தாலும் வாங்காத. அம்மாவுக்கு ஹெச்பிஏ1சி (கடந்த ரெண்டு மூணு மாச சராசரி ஷுகர்) பாரு, டேப் வச்சு இடுப்பு அளவும் எடு, நம்ம ஊர் பொம்பளைங்களுக்கு 80 செ.மீ.தான் வரம்பு, ரெண்டையும் எழுதி எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டு.