இரண்டு கேபிளும் சேரும் தகட்டுக்கு என்ன பெயர்?

உவர்மலையிலிருந்து:

வணக்கம். தொழிற்பயிற்சி மாணவருக்கு ஒரு செய்முறைத்தாள் எழுதுகிறோம். நான்கு சில்லும் இழுக்கும் காரில் ஹாண்ட் பிறேக் கேபிள் மாற்றுவது எப்படி என்பது பொருள். எடுத்துக்காட்டுக்கு எடுத்தது கைப்பிடி உள்ள சுபாரு போரஸ்டர். பின்சில்லு டிஸ்கின் நடுக்கிண்ணத்துக்குள் சின்ன டிரம் பிறேக் ஒளிந்திருக்கும் வகை. வேலை தெரியும், சொல்தான் இடிக்கிறது.

‘கைத்தடை’ வேண்டாம் என்பது என் பக்கம். காலால் மிதிப்பதும் பொத்தானால் பூட்டுவதும் வந்துவிட்டபின் ‘கை’ நிற்காது. ‘தரிப்பு’ நம் வீதிப் பலகையில் ஏற்கெனவே உள்ள சொல். ஆனால் ‘தரிப்புத் தடை’யிலும் வில்லங்கம் இருக்கிறது. விஞ்ஞானப் பாடநூலில் தடை என்றால் மின்தடை. பொத்தான் பிறேக்கை ‘மின் தரிப்புத் தடை’ என்று எழுதினால் பெடியன் மல்ற்றிமீற்றரைத் தூக்கிக்கொண்டு வருவான். ஆகவே ‘தரிப்புப் பிறேக்’. பிறேக் தமிழாகி எவ்வளவோ காலம்.

கேபிளுக்கு ‘வடம்’ போதுமா?

நிலாவெளியிலிருந்து:

போதாது அண்ணை. பின்சில்லில் இரண்டு வடம் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறது. ஒன்று பிறேக்கை இழுப்பது, மற்றது ஏபிஎஸ் உணரியின் வயர், அதாவது பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகிப் பூட்டாமல் காக்கும் அமைப்புக்குச் சில்லின் வேகத்தைச் சொல்வது. மின்சாரக்காரர் தங்கள் கேபிளையும் மின்வடம் என்கிறார்கள். ‘வடத்தைக் கழற்று’ என்று தாளில் இருந்தால், துருப்பிடித்த உணரியைப் பிடுங்கி உடைத்துவிட்டு நிற்பார்கள். ‘இழுவடம்’ என்று வைப்போம். வெளியே இருப்பது ‘உறை’, உள்ளே ஓடுவது ‘புரிக்கம்பி’.

உறைக்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பழுது தொடங்குவது அங்கேதான். கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் உறையின் மேல்தோல் வெடித்த இடத்தால் உப்புத்தண்ணீர் இறங்கும். வளைவின் அடிமட்டத்தில் தங்கி, உள்ளேயிருக்கும் இரும்புச் சுருளையும் புரிக்கம்பியையும் சேர்த்துத் துருவாக்கும். கைப்பிடியை இறக்கினாலும் கம்பி திரும்பி வராது, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ அதில் உரசிக்கொண்டே போகும். ஓடி வந்து நிறுத்தியபின் ஒரு பின்சில்லு மட்டும் கையை வைக்க முடியாத சூடு என்றால் முதலில் பார்க்க வேண்டியது இது. எண்ணெய் விட்டால் இரண்டு நாள் ஓடும், பிறகு பழையபடி.

கிண்ணியாவிலிருந்து:

இழுவடம் சரி. எனக்குப் பிரச்சினை ஈக்குவலைசர். கைப்பிடியிலிருந்து ஒரு கம்பி வருகிறது, அது ஒரு சின்னத் தகட்டின் நடுவை இழுக்கிறது, தகட்டின் இரண்டு முனையிலும் இரண்டு இழுவடம். கராச்சில் அதற்குப் பெயரே இல்லை, ‘ரெண்டு கேபிளும் சேர்ற இடம்’ என்றுதான் காட்டுவார்கள். ‘சமப்படுத்தி’ என்று ஒரு வரைவில் பார்த்தேன். அது பிழையான வழிக்கு அனுப்பும் சொல். தகடு கொஞ்சம் சரிந்து நின்றால், ‘சமப்படுத்தி சமமாக இல்லையே’ என்று மாணவன் அதை நேராக்கப் பார்ப்பான். அது சமமாக்குவது நீளத்தை அல்ல, இழுவிசையை. சரிவதுதான் அதன் வேலையே.

‘நுகம்’ என்று வைத்தால் என்ன? மாட்டுவண்டியில் ஒரு மாடு பின்தங்கினால் நுகத்தடி சரியும், இழுவை நிற்காது. இங்கேயும் அதேதான்.

மூதூரிலிருந்து:

நானா, சொல் வடிவாய் இருக்கிறது. ஆனால் இப்போதைய பிள்ளைகள் நுகத்தை எங்கே பார்த்தார்கள்? வயலில் எல்லாம் டிராக்டர்.

கிண்ணியாவிலிருந்து:

பார்க்காவிட்டால் என்ன தம்பி, ஒரு கோடு கீறிக் காட்டினால் போதும். ஈக்குவலைசரையும் எவரும் பார்த்துவிட்டு வரவில்லைத்தானே. இன்னொரு இலாபமும் உண்டு. நுகத்தின் நடுவில் அடிக்கும் ஆணிக்குப் ‘பகலாணி’ என்று பழைய பெயர். பகல் என்றால் நடு. நடுக்கம்பியில் ஏறும் சரிசெய் நட்டைப் ‘பகல்நட்டு’ என்று சொல்லிவிடலாம்.

உவர்மலையிலிருந்து:

‘நுகம்’ எனக்குச் சம்மதம். ‘பகல்நட்டு’ வேண்டாம், இரவுநட்டு எங்கே என்று கேட்பார்கள். ‘நுகநட்டு’ போதும்.

சொல் வேலைக்கு உதவுகிறதா என்று பார்க்க, செய்முறையை இந்தச் சொற்களால் ஒருமுறை எழுதிப் பார்த்தேன்:

“சமதரையில் நிறுத்தி, முன்சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வை. இழுவடம் கழன்றபின் தரிப்புப் பிறேக் இல்லை. கியர் ‘பி’யில் இருப்பதை நம்பி ஒரு பின்சில்லை மட்டும் தூக்காதே. முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கரத் தொகுதியான நடு டிஃபரன்ஷியல் பூட்டாத வண்டி அப்படியே உருளக்கூடும். பின்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் இருத்து. கைப்பிடியை முழுதாக இறக்கு, நடுப்பெட்டியைக் கழற்று, நுகநட்டைத் தளர்த்தி இழுவட முனைகளை நுகத்திலிருந்து எடு.

“சைலன்சர் குழாய்க்கு மேலுள்ள வெப்பத்தகட்டின் போல்ட்டுகளுக்கு முதல் நாளே துரு எண்ணெய் விடு. இழுவடம் அந்தத் தகட்டுக்கும், பின்சில்லுக்கு இழுவை கொண்டுபோகும் புரொப்பெல்லர் சாஃப்ட்டுக்கும் அருகால் போகிறது. எந்தக் கொளுவி எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொள். பிளாஸ்டிக் பட்டியால் கட்டினால் சூட்டில் இளகும், தொங்கும் இழுவடம் சுழலும் சாஃப்ட்டில் படும்.

“டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பரைக் கழற்றிக் கம்பியால் தொங்கவிடு, அதன் பிறேக் குழாயில் தொங்கவிடாதே. டிஸ்க் வராவிட்டால் அதிலுள்ள இரண்டு மரைத்துளையிலும் 8 மில்லிமீற்றர் போல்ட் போட்டு மாறி மாறி இறுக்கு, தானாக வெளியே தள்ளும். பழைய இழுவடத்தையும் புதியதையும் தரையில் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டுப் பூட்டு. இரண்டையும் ஒன்றாக மாற்று.”

நிலாவெளியிலிருந்து:

கடைசி வரிக்குக் காரணமும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றைத்தான் மாற்றுவார்கள். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் நீண்டுபோன பழையது என்றால் நுகம் ஒரே பக்கம் சாயும். சாய்ந்து பக்கத் தகட்டில் முட்டியதோடு சமன் முடிந்தது. அதன்பிறகு எவ்வளவு இழுத்தாலும் ஒரு சில்லுதான் பிடிக்கும். இப்போது பாருங்கள், ‘நுகம் முட்டுகிறதா பார்’ என்று ஒரே வரியில் எழுதலாம்.

மூதூரிலிருந்து:

சரிசெய்யும் வரிசையைத் தடித்த எழுத்தில் போடுங்கள். முதலில் ஷூ, பிறகுதான் நுகநட்டு. டிஸ்கிலுள்ள இறப்பர் மூடியைக் கழற்றி, துளையால், ஷூவை விரிக்கும் பல்சில்லைச் சுற்றி டிஸ்க் பிடிக்கும் வரை இறுக்கி, 3 அல்லது 4 பல் பின்னே விடவேண்டும். இதைச் செய்யாமல் நுகநட்டை மட்டும் இறுக்கினால் கைப்பிடி உயரம் அழகாய் வரும், ஷூ மட்டும் அரை இழுவையிலேயே நிற்கும். பிறகு கைப்பிடியை நாலைந்து தரம் பலமாக இழுத்துவிட்டுச் சத்தத்தை எண்ணுங்கள். பல சுபாருவில் 7 முதல் 8 ‘டக்’, மற்ற வண்டிக்குக் கைநூலில் உள்ளது.

ஒரு எச்சரிக்கை. நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் பின்சில்லைக் கையால் சுற்றினால் டிஃபரன்ஷியலின் கனமும் சேர்ந்தே வரும், மறுபக்கச் சில்லு எதிர்த்திசையில் சுற்றும். அதைப் பிறேக் உரசல் என்று எண்ணி ஷூவை மேலும் தளர்த்துவார்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஷூவை முழுதாகத் தளர்த்தி ஒருமுறை சுற்றிப் பார்த்து, அந்தக் கனத்தைக் கையில் பிடித்துவைத்துக்கொண்டுதான் தொடங்கவேண்டும்.

கிண்ணியாவிலிருந்து:

சோதனைக்கு உவர்மலை ஏற்றமே போதும். நியூட்ரலில் மேல்நோக்கி ஒரு தரம், கீழ்நோக்கி ஒரு தரம். கோணேசர் கோவில் ஏற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், சனம் நடக்கும் இடம்.

உவர்மலையிலிருந்து:

தாளில் ஏறியவை: தரிப்புப் பிறேக், இழுவடம், உறை, புரிக்கம்பி, நுகம், நுகநட்டு, பல்சில்லு. கார்த் தரையின் ஓட்டையால் இழுவடம் கீழே இறங்கும் இடத்தில் ஒரு இறப்பர் வளையம் இருக்கிறதே, அதற்கு இன்னும் சொல் இல்லை. அது சரியாக உட்காராவிட்டால் மாரி மழைக்குக் கம்பளம் நனையும். ‘துளைக்காப்பு’ என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன்.