விதைநேர்த்தி செய்தும் கம்பில் கரிப்பூட்டை வருவது ஏன்?

கேள்வி:
சோளம், கம்பு இரண்டுக்கும் கிலோ விதைக்கு 4 கிராம் கந்தகத் தூள் கலந்துதான் விதைத்தது. சோளத்தில் மணிகளைக் கறுப்புப் பொடியாக்கும் கரிப்பூட்டை நோய் இல்லை. கம்புக் கதிர்களில் ஆங்காங்கே மணிகள் பச்சையாக உப்பியிருக்கின்றன, சில கறுக்கவும் தொடங்கிவிட்டன. மருந்து சரியாக ஒட்டவில்லையா?

பதில் 1:
மருந்தில் குறையில்லை. இரண்டு பயிரிலும் பூஞ்சாணம் வேறு, அது நுழையும் வழியும் வேறு. சோளத்து மணிக்கரிப்பூட்டையின் (பூஞ்சாணம்: ஸ்போரிசோரியம் சோர்கி) வித்துகள், அதாவது பூஞ்சாணம் பரவும் நுண்துகள்கள், விதையின் மேல் ஒட்டியிருக்கும். விதையோடு முளைத்து, நாற்று மண்ணைவிட்டு வெளிவருமுன் உள்ளே புகுந்து, குருத்து நுனியோடு கூடவே வளர்ந்து கதிரில் வெளிப்படும். அதனால் விதையிலேயே மடக்கிவிடலாம்.

கம்பைத் தாக்குவது மோசியோமைசெஸ் பெனிசிலேரியே என்ற பூஞ்சாணம். மண்ணில் கிடக்கும் வித்துகள் ஈரத்தில் முளைத்து ஸ்போரிடியா என்ற நுண்வித்துகளை விடும். அவை காற்றில் வந்து, பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடியில் விழும், அங்கிருந்து இழை சூலகத்துக்குள் இறங்கும். இறங்கிய பூவின் மணி மட்டுமே கெடும். முழுக் கதிரும் கெடாமல் ஆங்காங்கே தெரிவது அதனால்தான். விதைக்கு இட்ட மருந்து பூக்கும் பருவம்வரை நிற்காது.

இன்னொன்று முக்கியம். கம்பில் முதலில் சூல்முடி நீளும், மகரந்தப்பை சில நாள் கழித்தே வரும். அந்த இடைவெளிதான் பூஞ்சாணத்துக்கு வாசல். மகரந்தம் விழுந்தால் சூல்முடி சீக்கிரம் வாடி வழி அடைபடும். மகரந்தம் குறைவாக உதிரும் வீரிய ஒட்டுகளும் மகரந்தமே தராத ஆண்மலட்டு வரிசைகளும் அதிகம் அடிபடுவது இதனால்தான்.

பதில் 2:
கம்பில் வரும் இன்னொரு நோயான தேன் ஒழுகலோடு (எர்காட்) குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் பூவிலிருந்து பிசுபிசுப்பான நீர் சொட்டும், கரிப்பூட்டையில் சொட்டாது. உப்பிய மணியைக் கீறிப் பாருங்கள், உள்ளே கறுப்புப் பொடி. நுண்ணோக்கியில் வித்துகள் கெட்டியான உருண்டைகளாகத் தெரியும், கண்ணாடித் தகட்டால் அழுத்தினாலும் எளிதில் பிரியா.

கேட்டவர்:
இந்தக் கதிர்களை என்ன செய்வது? அடுத்த போகத்துக்கு?

பதில் 1:
மணி பச்சையாக இருக்கும்போதே கதிரின்மேல் பையை மாட்டி, அடியில் வெட்டி, வயலுக்கு வெளியே எரித்துவிடுங்கள். வெடித்தபின் வெட்டினால் கை பட்ட இடமெல்லாம் பொடி கொட்டி மண்ணில் சேரும். அந்த வயலில் அடுத்து கம்பு வேண்டாம். பூக்கும் பருவம் தொடர்மழையில் மாட்டாதபடி விதைக்கும் காலத்தைத் தள்ளுங்கள்.

பதில் 3:
ரகம் உண்மையிலேயே எதிர்ப்புள்ளதா என்று பார்க்க, மில்லிலிட்டருக்கு 10 லட்சம் ஸ்போரிடியா உள்ள கரைசலைப் கதிர் இன்னும் இலையுறைக்குள் இருக்கும் பொதிப்பருவத்தில் அந்த உறைக்குள் ஊசியால் செலுத்தி, உடனே கதிருக்குப் பை மாட்ட வேண்டும். பை இல்லாவிட்டால் வெளி மகரந்தம் நுழைந்துவிடும், எளிதில் நோய்ப்படும் ரகம்கூட நல்ல ரகம்போலத் தெரியும்.